டானா பாயிண்ட்: கவிழ்ந்தால் நிமிர்த்தத் தெரிய வேண்டும்!

கலிஃபோர்னியாவுக்குப் போகிற நம்மவர்கள் டிஸ்னிலாண்டைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஹாலிவுட், சான் டியேகோ மிருகக்காட்சி சாலை என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, கடைகளையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் சான் டியேகோவுக்கும் நடுவே, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது டானா பாயிண்ட் என்கிற ஊர். அங்கே இறங்கிப் பார்க்கிறவர்கள் குறைவு. என் அக்கா மகள் அதற்கு அரை மணி தூரத்தில் வேலை பார்ப்பதால், எனக்கு நாலைந்து தடவை போய்வரும் பாக்கியம் கிடைத்தது.

ஊருக்குப் பெயர் வந்த கதை சுவாரசியமானது. ரிச்சர்ட் ஹென்றி டானா என்று ஒரு பையன். ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தான். அம்மை வந்து கண்பார்வை பாதித்தது. புத்தகத்தைத் தொட முடியவில்லை. பையன் என்ன செய்தான் தெரியுமா? 1834-ல் சாதாரண மாலுமியாகக் கப்பல் ஏறிவிட்டான்! மாட்டுத்தோல் வாங்க வந்த கப்பல் அது. இந்த ஊர்ப் பாறை உச்சியிலிருந்து தோல்களை ஒவ்வொன்றாகக் கீழே கடற்கரைக்கு வீசுவார்களாம். சில தோல்கள் நடுவழியில் பாறையில் சிக்கிக்கொள்ள, டானா ஒரு கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே இறங்கி அவற்றை விடுவித்திருக்கிறான். 1840-ல் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினான். கலிஃபோர்னியாக் கடற்கரையிலேயே மனத்தைக் கவர்ந்த இடம் இதுதான் என்று அதில் பாராட்டியிருக்கிறான். பிற்பாடு ஊரே அவன் பெயரைச் சூட்டிக்கொண்டது.

அந்தப் பாறை இன்றும் இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் அடிவயிறு கலங்குகிறது. ஆனால் டானா பார்த்த கடல் கீழே இல்லை. 1960-களின் பிற்பகுதியில் நீண்ட அலைதடுப்புச் சுவர் கட்டி, 1971-ல் படகுத் துறை திறந்தார்கள். அதற்குமுன் இங்கே பிரமாதமான அலைகள் வருமாம். பலகையில் நின்று அலைமேல் சறுக்குகிறவர்கள் அந்த அலைக்கு 'கில்லர் டானா' என்று செல்லப் பெயரே வைத்திருந்தார்கள். சுவர் வந்ததும் அலை போய்விட்டது. ஊர்க் கிழவர்களுக்கு இந்த ஆதங்கம் இன்னமும் உண்டு. ஆனால் கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்மார்களுக்கு லாபம்தான். சுவருக்கு உள்ளே தண்ணீர் குளம் போல் கிடக்கிறது. ஓரத்தில் ஒரு சின்ன மணல் கரை. அதற்குப் பேரே 'பேபி பீச்'! அலையே இல்லாத கரையில் இரண்டு வயசுக் குழந்தைகள் வாளியும் கரண்டியுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கண் நிறையும்.

நான் சொல்லவந்த விஷயம் நடந்தது இந்தப் பேபி பீச் பக்கத்தில்தான். அதற்கு முன்னால் இன்னொரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஹோபி ஆல்ட்டர். 1933-ல் பிறந்தவர். பக்கத்து ஊரான லகுனா பீச்சில் குடும்பத்துக்கு ஒரு கோடை வீடு. அங்கே கார் ஷெட்டில், பால்சா என்கிற லேசான மரத்தை இழைத்து, அலைச்சறுக்குப் பலகை செய்ய ஆரம்பித்தார். 1954-ல் டானா பாயிண்டில் கடை போட்டார். வாழ்நாள் முழுக்க பூட்ஸ் மாட்டாமல், கடற்கரை நெடுஞ்சாலையைத் தாண்டி வேலைக்குப் போகாமல் பிழைக்கவேண்டும் என்பதுதான் அவர் லட்சியமாம்! (நம் வீட்டுப் பிள்ளை இப்படிச் சொன்னால் நாம் என்ன சொல்லியிருப்போம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.) அவர் 1960-களின் கடைசியில் ஒரு படகு செய்தார். பதினாலு அடி நீளம், இரண்டு மிதவை, நடுவிலே இழுத்துக் கட்டிய துணி, ஒரு பாய். ஒரே ஆள் ஓட்டலாம். மணலிலிருந்தே தள்ளிக்கொண்டு போகலாம். கொஞ்ச நாளில் பதினாறு அடிப் படகும் வந்தது. அதுவரை படகு என்றால் பணக்காரர் சமாசாரம்; இது வந்த பிறகு பள்ளி ஆசிரியரும் தச்சரும்கூட வார விடுமுறையில் பாய் விரிக்க ஆரம்பித்தார்கள். 1976-ல் கம்பெனியை விற்றார், 2014-ல் காலமானார். ஊருக்குள்ளே அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தபோது அதன் அருகே ஒரு பாட்டி நாயைக் கட்டிவிட்டுக் காபி வாங்கப் போயிருந்தார்!

இந்த மாதிரிப் படகுக்கு என்ன பெயர் தெரியுமா? கட்டமரான். ஆமாம், நம்ம கட்டுமரமேதான்! வில்லியம் டாம்பியர் என்கிற ஆங்கில மாலுமி சோழமண்டலக் கரையில் பார்த்ததை 1697-ல் புத்தகமாக எழுதியபோது இந்தச் சொல்லையும் சேர்த்து எழுதினார். சொல் கப்பல் ஏறிவிட்டது. படகு ஏறவில்லை. இவர்களுடைய இரட்டைப் படகு, பசிபிக் தீவுக்காரர்களின் படகிலிருந்து பிறந்தது. நம்முடையதோ நாலைந்து மரத்தைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவது. என் அக்கா மகளிடம் படகுக் கூட்டாளிகள், "இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டபோது, இவள் கட்டு, மரம் என்று பிரித்துச் சொன்னாளாம். அன்றிலிருந்து அவர்களிடையே இவளுக்குத் தனி மரியாதை!

அவள் இந்தப் படகு பழக ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. முதலில் ஒரு சிநேகிதியோடு சேர்ந்து போய்வந்தாள். அந்தப் பெண்ணுக்கு வேறு ஊருக்கு மாற்றல். இனிமேல் தனியாகத்தான் போகவேண்டும். இந்தச் சேதி சென்னையில் என் அக்காவுக்கு எட்டியதும் எனக்குப் போன்.

"நீ அங்கேதானே இருக்கே? கொஞ்சம் கண்டிச்சு வை. குளத்திலே நீச்சல் அடிக்கத் தெரியும்னா, கடல்ல தனியாப் போயிடறதா? கவிழ்ந்தா யாரு தூக்குவா?"

நான் அவளிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். "சித்தி, கவிழாம ஓட்டறதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இந்தப் படகு கவிழத்தான் கவிழும். அம்மா கேட்ட கேள்வியைத்தான் எங்க டீச்சரும் கேக்கறாங்க. தனியாக் கவிழ்த்து, தனியா நிமிர்த்திக் காட்டினாத்தான் விடுவாங்களாம். சனிக்கிழமை வந்து பாருங்களேன்."

அந்த டீச்சருக்கு அறுபது வயசிருக்கும். வெயிலில் காய்ந்து கருத்த முகம். பேச்சில் சர்க்கரையே கிடையாது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நம் ஊரில் பாட்டு வாத்தியார், ஸ்வரம் சுத்தமாக வராமல் கீர்த்தனைக்குப் போகவிடமாட்டாரே, அந்த ஜாதி.

அவர் எனக்குச் சொன்ன கணக்கு இது. பதினாறு அடிப் படகு சுமார் 145 கிலோ. அதன் பாய்மரம் இருபத்தாறு அடிக்கு மேல். கவிழ்ந்தால், சாதாரண உடம்புள்ள ஓர் ஆளின் கனம் மட்டும் அதை நிமிர்த்தப் போதாது; பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்து தொங்கவேண்டும். பதினாலு அடிப் படகு இன்னும் லேசு, பாய்மரமும் இருபத்திரண்டு அடிதான். தனியாகப் போவதற்கென்றே செய்தது. திடமான ஓர் ஆண்பிள்ளை தன் கனத்தாலேயே நிமிர்த்திவிடுவான். என் அக்கா மகளின் எடையோ 49 கிலோ! சாப்பாட்டுத் தட்டிலேயே கணக்குப் பார்க்கிற பெண். "இன்னும் ரெண்டு பிடி சாதம் போட்டுக்கோடீ" என்று ஒரு மாதமாக நான் சொன்னதற்கு அன்றைக்குத்தான் பெறுமதி வந்தது.

கவிழ்ந்த படகு எப்படிக் கிடக்கும் என்று கொஞ்சம் மனதில் வரைந்துகொள்ளுங்கள். கயிற்றுக் கட்டிலை ஒருக்களித்து நிறுத்துவோமே, அது போல. ஒரு மிதவை தண்ணீரில். இன்னொன்று ஏழரை அடி உயரத்தில், தலைக்கு மேலே. நடுத்துணி சுவர் மாதிரி நிற்கிறது. அந்தப் பக்கம் பாய்மரமும் பாயும் தண்ணீர்மேல் படுத்துக்கிடக்கின்றன. இந்தப் பக்கம் நாம் கீழ் மிதவைமேல் ஏறி நின்று, மேல் மிதவையைச் சுற்றிப் போட்ட கயிற்றைப் பிடித்து, வெளிப்பக்கமாக மல்லாந்து சாயவேண்டும். நம் கனத்தில் மேல் மிதவை நம்மை நோக்கி இறங்கும்; அந்தப் பக்கம் பாய்மரம் எழும். கிராமத்தில் ஏற்றம் மிதித்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பாய்மர உச்சியில் பரங்கிக்காய் போல ஒரு மிதவை கட்டியிருந்தார்கள். அது இல்லாவிட்டால் உச்சி தண்ணீருக்குள் இறங்கி, படகு ஆமை மாதிரி முழுசாகத் தலைகீழாகிவிடுமாம். அப்படி ஆனால் நிமிர்த்துவது இரண்டு மடங்கு வேலை. பழகுகிறவர்கள் படகில் இந்தப் பரங்கிக்காயை வைப்பதே நல்லது என்றார் டீச்சர்.

சனிக்கிழமை மத்தியானம். காலையெல்லாம் மூடுபனி. அங்கே மே, ஜூன் மாதங்களில் கடலோரம் பகல் பதினோரு மணி வரை சூரியன் தலைகாட்டாது. பிறகு பனி விலகி, கடல்காற்று மெல்ல எழும். டீச்சர் ஒரு மோட்டார் படகில் கொஞ்சம் தள்ளி நின்றார். என்னையும் அதில் ஏற்றிக்கொண்டார், ஒரு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு. புடவைமேல் ஆரஞ்சு ஜாக்கெட்! என்னைப் பார்த்து எனக்கே சிரிப்பு.

அவள் வேண்டுமென்றே கயிற்றை இறுக்கிப் பாயைக் காற்றுக்குக் கொடுத்தாள். ஒரு மிதவை எழும்பியது, இன்னும் எழும்பியது... அவ்வளவுதான், தொபுக்கடீர்! பாய் தண்ணீரில் அறைந்த சத்தம் கரை வரை கேட்டது. பெண்ணைக் காணோம். என் கை தானாக டீச்சரின் தோளைப் பற்றிக்கொண்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "படகைப் பிடித்துவிட்டாளா, அதை மட்டும் பாருங்கள்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று பிறகு புரிந்தது. கவிழ்ந்த கட்டமரானின் நடுத்துணி சுவர் மாதிரி நிற்கிறது இல்லையா, அது காற்றுக்குப் பாய் போலவே வேலை செய்யும். ஆள் கையை விட்டால், படகு தானாகவே நகர்ந்து போய்விடும். நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில்கூடப் போகும். அதனால் விழும்போதே ஏதாவதொரு கயிறு கையில் இருக்கவேண்டும். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்திப் போகப் பார்ப்பது இன்னும் ஆபத்து. நீரில் கரை எப்போதும் கிட்டத்தில் இருப்பது போலத்தான் தெரியும். தேடிவருகிறவர்கள் கண்ணுக்குப் படகு பளிச்சென்று தெரியும்; ஒற்றைத் தலை தெரியாது.

தலை தெரிந்தது. கையில் கயிறும் இருந்தது. மூச்சு வந்தது எனக்கு.

முதல் காரியம், பாய்க் கயிற்றை அது கவ்வியிருக்கும் பல்லிலிருந்து விடுவிக்கவேண்டும். அதை மறந்தால், படகு நிமிர்ந்த அதே நொடியில் பாய் காற்றை வாங்கி, ஆளை விட்டுவிட்டு ஓடும், இல்லாவிட்டால் மறுபக்கம் கவிழும். அவள் மறக்கவில்லை. பிறகு மிதவைமேல் ஏறினாள். கயிற்றை மேலே வீசினாள். பிடித்துச் சாய்ந்தாள். பாய்மரம் ஒரு சாண் எழும்பியது. நின்றுவிட்டது.

பாய் முழுக்க தண்ணீர்! பெரிய ஜமக்காளத்தைத் தொட்டியில் நனைத்து ஒரே தூக்காகத் தூக்கிப் பாருங்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒரு மூலையை மட்டும் பிடித்து, கொஞ்சம் தூக்கி, நீர் வடிய விட்டு, மறுபடி கொஞ்சம் தூக்கினால் வரும். பாயும் அப்படித்தான். அவள் அவசரப்பட்டு வெடுக் வெடுக்கென்று இழுத்தாள். பிரயோஜனம் இல்லை, கைதான் ஓய்ந்தது.

"காற்று எங்கே?" என்று இங்கிருந்து டீச்சர் ஒரே கேள்வி கேட்டார்.

அது இரண்டாவது பாடம். படகின் மூக்கு காற்றைப் பார்த்து இருக்கவேண்டும். அப்போது பாய்மரம் கொஞ்சம் எழும்பியதும் காற்று பாயின் அடியில் புகுந்து, "ஏலேலோ" என்று தானும் ஒரு கை கொடுக்கும். எதிர்ப்பக்கமாகக் கிடந்தால், அதே காற்று நடுத்துணியில் மோதி நமக்கு எதிராகத் தள்ளும். கவிழ்ந்த படகைத் திருப்புவதற்குத் துடுப்பு வேண்டாம், சக்தி வேண்டாம். மிதவையின் முன்நுனிக்கு நடந்துபோய் நின்றால் போதும். மூக்கு நீரில் அழுந்தி முளை அடித்த மாதிரி நிற்கும். பின்பக்கத்தைக் காற்று தானாகவே சுற்றித் தள்ளிவிடும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அவள் முன்னால் போய் நின்றாள். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். படகு மெல்ல, மெல்லத் திரும்பியதைப் பார்த்தபோது, இது என்ன மாயம் என்று தோன்றியது எனக்கு.

மறுபடி சாய்ந்தாள். இந்தத் தடவை அவசரமில்லை. கை நீட்டி, முதுகை வளைக்காமல், முழங்கால் மடங்காமல், பின்தலை தண்ணீரைத் தொடுகிற மாதிரிச் சாய்ந்தாள். பாய்மரம் இரண்டு அடி எழும்பியது. நீர் அருவி மாதிரிக் கொட்டியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... என்று நானும் மோட்டார் படகில் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தேன்! ஊஹும். 49 கிலோ போதவில்லை. பாய்மரம் மறுபடி படுத்துவிட்டது.

தண்ணீரில் இறங்கிப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உதட்டின் நிறம் மாறியிருந்தது. பசிபிக் கடல், கோடைத் தொடக்கத்தில்கூட அங்கே 17, 18 டிகிரிதான். மேலே ரப்பர் மாதிரியான வெட் சூட் போட்டிருந்தாள். இல்லாவிட்டால் இவ்வளவு நேரம் தாங்கியிருக்காது. டீச்சர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். மூன்று தடவைதான் கணக்கு. அதற்கு மேல் முயன்றால், உதவி கேட்கத் தேவையான தெம்பும் போய்விடும். பிறகு இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக உயர்த்தித் தாழ்த்தவேண்டும். உலகம் முழுக்க மாலுமிகளுக்குப் புரிகிற அபாய சைகை அது.

அவள் நடுத்துணியில் கட்டியிருந்த ஒரு பையை அவிழ்த்தாள். கெட்டித் துணியில் தைத்த, தோளில் மாட்டும் வாருள்ள வெறும் பை. காலியாக இருந்தால் மடித்துக் கைக்குள் வைக்கலாம். தண்ணீருக்குள் முக்கி எடுத்தால் 25 லிட்டர் பிடிக்கும்.

இங்கேதான் நம் பாட்டிமார்களின் ஞாபகம் வந்தது எனக்கு. கிணற்றில் தோண்டியை விட்டு இறைத்தவர்களுக்குத் தெரியும், நீருக்குள் இருக்கும்வரை தோண்டி கனக்காது. வாய் நீர்மட்டத்தைத் தாண்டி மேலே வந்த நொடியில்தான் கயிறு கையை இழுக்கும். பையும் அதே கதைதான். தண்ணீரில் மிதக்கும்போது அதனால் உபயோகமில்லை. நீரைவிட்டு மேலே வந்தால்தான் 25 லிட்டர் 25 கிலோ ஆகிறது. அவள் மிதவைமேல் குந்தி உட்கார்ந்தாள். பையின் வாரைத் தோளில் மாட்டினாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையில் குடம் வைத்தவள் எழுந்திருப்பது போல, காலை ஊன்றி மெல்ல எழுந்தாள். பிறகு சாய்ந்தாள். 49-ம் 25-ம், 74 கிலோ!

பாய்மரம் எழுந்தது. இரண்டு அடி. நாலு அடி. நீர் வடிந்தது. பாயின் அடியில் காற்று புகுந்து படபடவென்று அடித்தது. அப்புறம் நின்று நிதானிக்க நேரமே இல்லை. முதல் பாதிக்கு அத்தனை பாடுபடுத்திய படகு, மீதிப் பாதியை ஒரே வீச்சில் எழுந்துவிட்டது. மேல் மிதவை தடாலென்று கீழே வந்தது. "பை! பையை விடு!" என்று டீச்சர் கத்தினார். அவள் தோளைக் குலுக்கிப் பையைத் தள்ளிவிட்டு, இரண்டு மிதவைக்கும் நடுவே தண்ணீரில் அமிழ்ந்து, முன் குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்கவேண்டியது அந்த இடத்தில்தான். நிமிர்ந்த வேகத்தில் படகு அந்தப் பக்கம் மறுபடி சாயாமலும், ஆளை விட்டு ஓடாமலும் இருக்க அவள் உடம்பே நங்கூரம்.

அப்புறம் ஏறுவது. அதுவும் லேசில்லை. ஈர வெட் சூட், ஓய்ந்த கை. காலைத் தவளை மாதிரி உதைத்து, வயிற்றைத் துணிமேல் சரித்து, மீன் கரையேறுவது போல ஏறிப் படுத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பத்தொன்பது நிமிஷம். அடுத்த வாரம் பத்துக்குள்" என்றார். பாராட்டே அவ்வளவுதான்!

எனக்குப் பட்டினப்பாக்கம் ஞாபகம் வந்தது. சின்ன வயசில் அங்கே கட்டுமரங்கள் அலையில் புரள்வதைப் பார்த்து நிற்போம். ஆள் ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம் விழும். அடுத்த அலை வருவதற்குள் அவர் மரத்தின்மேல் இருப்பார். வெறும் மரக்கட்டு; உள்ளே நீர் நிறைவதற்குக் குழியே கிடையாது. பாயைச் சுருட்டிவிட்டால் புரட்டிப்போடுவதும் எளிது. கரை வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். இப்போது நம் கரையில் அதைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. 2004 சுனாமிக்குப் பிறகு இன்னும் அதிகம்.

அன்று இரவு அவள் அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு தடவை முடியாமல் போனதையும் மறைக்கவில்லை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு அக்கா கேட்டது இதுதான்: "தலையை நன்னாத் துவட்டினியா?"

துவட்டியது நான். அதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆற்றிலோ ஏரியிலோ குளிருக்குள் விழுந்து எழுந்த குழந்தையை நாமும் ஒருநாள் கவனிக்கும்படி ஆகலாம். குளிர்ந்த நீர், அதே குளிருள்ள காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். விழுந்த முதல் நிமிஷத்தில் மூச்சு தாறுமாறாக வாங்கும். அப்போது வாயை நீருக்கு மேலே வைத்துக்கொள்வது ஒன்றே வேலை. கரைக்கு வந்ததும் ஈரத்துணியை உடனே களைந்து, உலர்ந்த துணியில், முக்கியமாக மார்பையும் கழுத்தையும் தலையையும் சுற்றவேண்டும். கை காலைப் பரபரவென்று தேய்க்கக்கூடாது. நாம் ஆசையாகச் செய்வது அதுதான். ஆனால் அது கை காலில் உள்ள குளிர்ந்த ரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளிவிடும். சுடச்சுட வெந்நீர் ஊற்றுவதும் வேண்டாம். நினைவு தெளிவாக இருந்தால், வெதுவெதுப்பாக, சர்க்கரை தூக்கலாக ஏதாவது குடிக்கக் கொடுக்கலாம். பேச்சு குழறினாலும், நடுக்கம் திடீரென்று நின்று தூக்கம் தூக்கமாக வந்தாலும், வீட்டு வைத்தியம் பண்ணிக்கொண்டிராமல் டாக்டரிடம் ஓடவேண்டும். என் பெண்ணுக்கு அந்த அளவு போகவில்லை. ஃப்ளாஸ்கில் சுக்குக் காபி கொண்டுபோயிருந்தேன். டீச்சரும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்தார். பிறகு இன்னொரு டம்ளர் கேட்டார்!

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கலிஃபோர்னியாவில் ஓடும் படகில் பதின்மூன்று வயசுக்குட்பட்ட பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் ஆகவேண்டும், அது சட்டம். "வளருகிற பிள்ளை, கொஞ்சம் பெரிசா வாங்கலாம்" என்று தீபாவளிச் சட்டை கணக்கை இங்கே போடாதீர்கள். எல்லா வாரையும் மாட்டிய பிறகு, தோள் பக்கம் பிடித்து ஜாக்கெட்டை மேலே தூக்கிப் பாருங்கள். அது காது வரை ஏறினால் அளவு பெரிசு. நீரில் குழந்தை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். காற்று அடைத்த பொம்மை வளையம் இதற்கு ஈடாகாது.

படகை மணலில் இழுத்துச் செல்லும்போது மேலே மின்கம்பி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இருபதடிக்கு மேல் அலுமினியப் பாய்மரம், தொட்டால் என்ன ஆகும்! இதற்காகவே 1980-களில் பதினாறு அடிப் படகின் பாய்மர மேல்பகுதியை மின்சாரம் பாயாத ஃபைபரில் செய்ய ஆரம்பித்தார்கள்.

இனி ஊர் சமாசாரம். ரயிலில் போனால் பக்கத்திலுள்ள சான் ஹுவான் கபிஸ்ட்ரானோ நிலையத்தில் இறங்கவேண்டும். அங்கே 1776-ல் நிறுவிய பழைய மாதாகோவில் வளாகம் இருக்கிறது. அதன் பெரிய கல்கோவில் 1812 டிசம்பர் பூகம்பத்தில் இடிந்தது. இடிபாட்டை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆண்டுதோறும் மார்ச் 19-ல் தகைவிலான் குருவிகள் திரும்பி வருவதாகக் கொண்டாட்டம் நடத்துகிறார்கள். குருவியைவிட ஜனம்தான் அதிகமாம். தோட்டம் அழகு, ஒரு மணி நேரம் போதும்.

டோஹினி கடற்கரை துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. புல்தரை, மேஜை, பெஞ்சு எல்லாம் உண்டு. சாப்பாடு கட்டிக்கொண்டு போவதே உத்தமம்; துறைமுக ஹோட்டல்களில் மீனும் சிப்பியும்தான் பிரதானம், சைவக்காரர்கள் உருளைக்கிழங்கு வறுவலோடு திரும்பவேண்டியிருக்கும். தயிர்சாதம், எலுமிச்சை சாதம், ஊறுகாய் போதும். ஆனால் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். கடல் காக்கைகள் நம் ஊர்க் காக்கைக்கு அண்ணன். வெயில் காய்கிறதே என்று மயங்காமல் ஆளுக்கொரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் காற்று எலும்பைத் தொடும். பேபி பீச்சுக்குக் காலை பத்து மணிக்குள் போனால் கார் நிறுத்த இடம் கிடைக்கும்.